சுவருக்கு ஒரு மரப்போர்வை

முன்னுரை

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது தமிழ்ப் பழமொழி. இக்காலத்தில் வீடு கட்டுவோர் பலர் சுவரையே சித்திரமாக்க விரும்புகின்றனர். வரவேற்பறையில் உள்ள நான்கு சுவர்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்மீது மரப்பலகைகளை வரிசையாகப் பொருத்தி அழகு செய்கின்றனர். மற்ற மூன்று சுவர்கள் வண்ணப்பூச்சுடன் எளிமையாக நிற்க, மரம் போர்த்திய சுவர் மட்டும் அறைக்குள் நுழைவோரின் கண்ணை ஈர்க்கிறது.

இத்தகைய சுவரை அமைப்பது எளிய தச்சுவேலை போலத் தோன்றும். ஆனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறுவதும், உப்புக்காற்று ஓயாது வீசுவதும், காடுகளைச் சட்டம் காத்து நிற்பதுமான அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இவ்வேலை மூன்று கேள்விகளை எழுப்புகிறது. எந்த மரத்தைப் பயன்படுத்துவது? ஈரத்தை எவ்வாறு வெல்வது? ஒரு சுவரின் அழகுக்காகக் காடு எவ்வளவு விலை கொடுக்கிறது? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே ஆணியையும் சுத்தியலையும் கையில் எடுப்பது முறையாகும்.

மரவீடுகளின் மரபு

மரத்தால் சுவர் அமைப்பது தீவுகளுக்குப் புதிதன்று. கார் நிக்கோபாரில் வாழும் நிக்கோபாரிப் பழங்குடியினர் தேன்கூடு போன்ற வட்டவடிவக் குடில்களை உயரமான மரத்தூண்களின்மேல் அமைத்தனர். தரைக்கும் குடிலுக்கும் இடையே காற்று தடையின்றி ஓடியதால் ஈரம் மேலே ஏறவில்லை. பிற்காலத்தில் அந்தமானில் குடியேறிய மக்களும் மரச்சட்டகத்தில் பலகைகளை அறைந்து, தகரக்கூரை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்தனர்.

தமிழ் நிலத்திலும் இம்மரபு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை மரவேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கால் ஆனவை. பழைய வீடுகளில் மரம் பாரம் தாங்கியது. இன்றைய கான்கிரீட் வீட்டிலோ பாரத்தைத் தூண்களும் உத்தரங்களும் தாங்குகின்றன; மரம் போர்வையாக மட்டும் இருக்கிறது. எனவே, மரப்பலகை பொருத்துவதால் சுவர் வலிமை பெற்றுவிடும் என்று கருதுவது பிழை. 2004 டிசம்பர் 26 அன்று பெரும் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் கண்ட தீவுகளில், சுவரில் உள்ள விரிசலை மறைக்கும் திரையாக மரப்பலகையைப் பயன்படுத்துதல் ஆபத்தாகும். விரிசலைச் செப்பனிட்ட பிறகே போர்வையைப் போர்த்த வேண்டும்.

படாக் மரமும் சாத்தம் ஆலையும்

அந்தமானின் மரங்களுள் புகழ் மிக்கது படாக். இப்பெயர் பர்மிய மொழியிலிருந்து வந்தது. டெரோகார்பஸ் டால்பெர்ஜியாய்டிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். அந்தமானுக்கே உரிய இம்மரம், அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியின் அடையாள மரமாகவும் விளங்குகிறது. சங்க இலக்கியம் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகப் போற்றும் வேங்கையும், ஆந்திர, தமிழக மலைகளில் வளரும் செம்மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. அவ்வகையில் படாக், தமிழர் நன்கறிந்த மரங்களுக்குக் கடல் கடந்த உறவாகும்.

படாக் மரத்தின் வைரப்பகுதி சிவந்த நிறமுடையது. ஒளி படப்பட அந்நிறம் ஆழ்ந்து செம்பழுப்பாகும். கறையானை எதிர்க்கும் தன்மையும், உலரும்போது மிகுதியாகச் சுருங்காத தன்மையும் இதற்கு உண்டு. இக்காரணங்களால் 'அந்தமான் சிவப்பு மரம்' என்னும் பெயரில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இது ஏற்றுமதியானது.

1858ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பை நிறுவினர். அந்நகரம் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கைதிகளின் உழைப்பால் காடு திருத்தப்பட்டது. 1883ஆம் ஆண்டில் வனத்துறை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் அரசு மர அறுவை ஆலையும் நிறுவப்பட்டது. பாலத்தால் நகரத்தோடு இணைக்கப்பட்ட இச்சிறு தீவில் உள்ள ஆலை ஆசியாவின் பழமையான மர அறுவை ஆலைகளுள் ஒன்று. இரண்டாம் உலகப்போரின்போது குண்டு விழுந்து ஏற்பட்ட பள்ளத்தை இன்றும் அங்கே காணலாம். ஆலை வளாகத்தில் உள்ள வன அருங்காட்சியகம் தீவுகளின் மரவகைகளை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறது.

காடு கேட்ட நீதி

வெட்டிய மரங்களை இழுத்து வருவதற்காகப் பெருநிலப்பகுதியிலிருந்து யானைகள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. 1962ஆம் ஆண்டில் ஒரு மர நிறுவனம் தொழிலை நிறுத்தியபோது, அதன் யானைகள் இண்டர்வியூ தீவில் கைவிடப்பட்டன. பழக்கிய யானைகள் மீண்டும் காட்டு யானைகளாகி, மரங்களின் பட்டையை உரித்தும் இளங்கன்றுகளை மிதித்தும் அத்தீவின் காட்டையே மாற்றின. மரத்தொழில் சென்ற பின்னும் அதன் சுவடு காட்டை விட்டு அகலவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

தீவுகளின் மொத்தப் பரப்பு 8249 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு உள்ளது. இக்காடு ஜாரவா, ஓங்கே போன்ற பழங்குடியினருக்கு வாழ்விடம். ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஓடைகளுக்குத் தாய்மடி. ஆயினும், பல ஆண்டுகள் இங்கிருந்து மரம் வெளியே சென்றுகொண்டே இருந்தது. கோதவர்மன் வழக்கு எனப்படும் புகழ்பெற்ற வன வழக்கில், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு மே மாதம் அந்தமானுக்கென ஆணை பிறப்பித்தது. வெளியே அனுப்பி விற்பதற்காகக் காட்டு மரங்களை வெட்டும் வழக்கம் அதனால் நின்றது. தீவுவாசிகளின் உண்மையான தேவைக்கு மட்டுமே, வரையறுக்கப்பட்ட அளவில் மரம் வெட்டலாம் என்னும் நிலை உருவாயிற்று.

இதன் விளைவு இருபுறமும் இருந்தது. காடு மூச்சு விட்டது. மரத்தொழிலை நம்பிய தொழிலாளர் பலர் வேலையை இழந்தனர். ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. முன்பு மரம் ஏற்றிச் சென்ற துறைமுகத்தில் இன்று சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கட்டுமானப் பொருள்கள் வந்து இறங்குகின்றன. ஆகவே, தீவில் மரம் போர்த்திய சுவர் அமைப்போர், தம் பலகை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருத்தல் கடமையாகும். வனத்துறையின் முறையான விற்பனை வழியாக, ரசீதுடன் வாங்கிய மரமே சட்டத்துக்கு உட்பட்டது. ரசீது இல்லாத மரம் விலை குறைவாகக் கிடைத்தாலும், அது காட்டிலிருந்து களவாடப்பட்டதாக இருக்கக்கூடும்.

அகக்காழும் புறக்காழும்

மரம் தேர்ந்தெடுப்பதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு வழி காட்டுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. முன்னது அகக்காழ், பின்னது புறக்காழ். படாக், தேக்கு, வாகை ஆகியவை அகக்காழ் உடையவை. தென்னை, பனை, மூங்கில் ஆகியவை புறக்காழ் உடையவை.

இப்பகுப்பு தச்சருக்கு நேரடியாகப் பயன்படுவது. படாக் மரத்தில் நடுப்பகுதியில் உள்ள சிவந்த வைரத்தையே பலகையாக்க வேண்டும். அதைச் சூழ்ந்துள்ள வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துப்போகும். தென்னையிலோ நிலைமை தலைகீழ். முதிர்ந்த தென்னந்தண்டின் வெளிப்புறமும் அடிப்பாகமும் வலிமையானவை; நடுப்பகுதி பஞ்சு போன்றது. எனவே, தென்னையை அறுக்கும்போது வெளிப்புறப் பலகைகளை எடுத்து, நடுச்சோற்றைத் தள்ள வேண்டும்.

தீவுகளில் தென்னை மிகுதி. காய்ப்பு ஓய்ந்த முதிய தென்னைகளை வெட்டிப் புதிய கன்றுகளை நடுவது தோட்டக்காரர்களின் வழக்கம். அவ்வாறு வெட்டப்பட்ட தண்டுகளிலிருந்து கிடைக்கும் பலகை, கரும்பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் நிறைந்து அழகாக இருக்கும். காட்டு மரம் ஒன்றையும் வீழ்த்தாமல் சுவரை அணிசெய்ய இது நல்ல வழி. பழைய மரவீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பலகைகளும் அத்தகையவையே. பல ஆண்டுகள் உலர்ந்த அப்பலகைகள் புதிய மரத்தைவிடக் குறைவாகவே வளைந்து நெளியும். ஆணிகளைப் பிடுங்கி, இழைப்புளியால் மேற்பரப்பைச் சீவினால், உள்ளே பழைய நிறம் மீண்டும் ஒளிரும்.

ஒரு சுவரின் கணக்கு

3 மீட்டர் அகலமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்க. அதன் பரப்பு 8.1 சதுர மீட்டர். 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையால் அதனை முழுவதும் மூடினால் தேவைப்படும் மரம் 0.0972 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ 3.4 கன அடி. படாக் மரமாயின் அதன் எடை ஏறக்குறைய 70 கிலோகிராம் இருக்கும். உருண்டைக் கட்டையை அறுக்கும்போது மரத்தூளாகவும் சிராய்களாகவும் கணிசமான பகுதி கழியும். ஆதலால், வெட்ட வேண்டிய மரத்தின் அளவு இதனினும் மிகுதி.

அதே சுவரை, ஒட்டுப்பலகையின்மேல் 0.5 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய மரத்தகடு ஒட்டிய வெனீர் பலகையால் மூடினால் என்ன ஆகும்? 12ஐ 0.5ஆல் வகுத்தால் 24 வரும். கழிவைக் கருதாமல் பார்த்தால், ஒரு சுவருக்குத் தேவைப்படும் அதே படாக் மரத்தைக் கொண்டு 24 சுவர்களின் முகத்தை அலங்கரிக்கலாம். வெனீரை மீண்டும் மீண்டும் இழைத்துப் புதுப்பிக்க இயலாது என்பது அதன் குறை. எனினும், அரிய மரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழி அதுவே. ஈரம் மிகுந்த இடங்களில் சாதாரண ஒட்டுப்பலகை பிரிந்துவிடும்; நீரை எதிர்க்கும் பசையால் ஒட்டப்பட்ட வகையையே வாங்க வேண்டும்.

மரமும் ஈரமும்

வெட்டி அறுத்த பின்னும் மரம் காற்றோடு ஓயாது உறவாடுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது மரம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. குறையும்போது ஈரத்தை வெளியிட்டுச் சுருங்குகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாக உள்ள இடத்தில் மரத்தின் ஈரம் 15 அல்லது 16 விழுக்காட்டில் நிலைபெறும். குளிரூட்டிய அறையில் அது 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும்.

மரத்தின் ஈரத்தை அளக்க எளிய முறை உண்டு. ஒரு சிறு துண்டை எடையிட்டுப் பின் அடுப்பில் முற்றும் உலர்த்தி மீண்டும் எடையிட வேண்டும். முதல் எடை 115 கிராமும் உலர்ந்த எடை 100 கிராமும் ஆயின், இழந்த நீர் 15 கிராம். அதாவது மரத்தின் ஈரம் 15 விழுக்காடு.

பல மரங்களில், ஈரம் 4 விழுக்காடு மாறினால் பலகையின் அகலம் ஏறத்தாழ 1 விழுக்காடு மாறும் எனத் தச்சர்கள் கணக்கிடுவர். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகைக்கு இது 1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் அது. ஆனால், 27 பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருந்தால் மொத்த விரிவு 27 மில்லிமீட்டர். விரிய இடமில்லாத பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிச் சுவரிலிருந்து வயிறு தள்ளி நிற்கும். திருகாணிகளைப் பிடுங்கிக்கொண்டு விழவும் கூடும். கோடையில் அழகாக இருந்த சுவர் மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் உப்பிப்போவதன் காரணம் இதுவே.

அமைக்கும் முறை

முதலாவதாக, சுவரைச் சோதிக்க வேண்டும். ஒரு சதுர நெகிழித்தாளைச் சுவரின்மீது வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பினால் சுவர் ஈரத்தை வெளியிடுகிறது என்று பொருள். நீர் கசியும் குழாயையோ வெளிப்பூச்சில் உள்ள வெடிப்பையோ சரிசெய்து, சுவர் உலரும்வரை காத்திருக்க வேண்டும். மழையை நேரே வாங்கும் வெளிச்சுவரைவிட, இரு அறைகளுக்கு இடையே உள்ள உட்சுவரே மரப்போர்வைக்கு ஏற்றது.

இரண்டாவதாக, பலகைகளை அறைக்குப் பழக்க வேண்டும். பொருத்தப்போகும் அறையிலேயே பலகைகளை இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கி, இரண்டு வாரம் விட்டுவைத்தால் அவை அறைக்காற்றோடு இசைந்துவிடும். ஒரு பலகையை அவ்வப்போது எடையிட்டு, எடை மாறாமல் நிற்பதைக் கொண்டு இதனை உறுதிசெய்யலாம். இக்காலத்தில் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி உலர்த்தினால் கறையானும் வண்டும் அண்டா.

மூன்றாவதாக, சுவரினுள் செல்லும் மின்கம்பிகளையும் நீர்க்குழாய்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் துளையிடுவது உயிருக்கே கேடாகலாம். மின்பொத்தான் பெட்டிகளைப் பலகைக்குப் பின்னே புதைக்காமல், மின்பணியாளரைக் கொண்டு முன்னே நகர்த்திப் பொருத்த வேண்டும்.

நான்காவதாக, சுவரில் ரீப்பர் சட்டங்களைச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும். 3 மீட்டர் அகலச் சுவரில் அரை மீட்டருக்கு ஒன்றாக 7 சட்டங்கள் தேவைப்படும். ஒவ்வொரு சட்டத்தையும் 450 மில்லிமீட்டருக்கு ஒரு திருகாணி வீதம் 7 இடங்களில் இறுக்கினால், மொத்தம் 49 திருகாணிகள் ஏறத்தாழ 70 கிலோ எடையைப் பகிர்ந்துகொள்ளும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சட்டங்கள் செங்குத்தாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சுவர் பள்ளமாக உள்ள இடங்களில் சட்டத்தின் பின்னே மெல்லிய ஆப்புகளைச் செருகிச் சமன் செய்யலாம்.

சட்டங்கள் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் உண்டு. அவற்றின் இடையே காற்று கீழிருந்து மேலே தடையின்றிச் செல்லும். தரையை ஒட்டி 20 மில்லிமீட்டரும் கூரையை ஒட்டி 20 மில்லிமீட்டரும் இடைவெளி விட்டால், பலகையின் பின்புறம் பூஞ்சை பிடிக்காது. தூண்மேல் நின்ற நிக்கோபாரிக் குடிலின் கீழே காற்று ஓடியதும் இதே தத்துவத்தால்தான்.

ஐந்தாவதாக, பலகைகளைக் கிடையாகப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறுவிளிம்பில் காடியும் செதுக்கப்பட்டிருக்கும். முதற்பலகையின் கிடைநிலையை ரசமட்டத்தால் சரிபார்ப்பது மிக இன்றியமையாதது; அது பிறழ்ந்தால் மேலே வரும் அனைத்தும் பிறழும். திருகாணியை நாக்குப் பக்கத்தில் மட்டுமே இறுக்க வேண்டும். இரு விளிம்புகளையும் இறுக்கினால், சுருங்க முயலும் பலகை நடுவே பிளந்துவிடும். உலர்ந்த மாதங்களில் பொருத்துவோர் நாக்குக்கும் காடிக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்தில் பொருத்தும்போது மரம் முன்னரே விரிந்திருக்கும்; ஆகவே அப்போது நெருக்கிப் பொருத்தலாம்.

உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். துருவின் கறை பலகையில் கருமையாகப் படியும். எனவே, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும்.

ஆறாவதாக, மேற்பூச்சு. உப்புத்தாளால் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்க்கும்போது எழும் தூள் மூச்சுக்குக் கேடு. முகக்கவசம் அணிதல் கட்டாயம். பின்னர் ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ பூசலாம். பலகையின் முகத்தில் மட்டும் பூசி, முதுகை வெறுமையாக விட்டால், முதுகு மட்டும் ஈரம் குடித்து விரியும். பலகை கிண்ணம் போல் குவிந்துவிடும். ஆகவே, சுவரில் பொருத்தும் முன்பே முதுகுக்கும் ஒரு பூச்சுத் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முதுகைக் கவனிப்பவரே தேர்ந்த தச்சர்.

பராமரிப்பு

கீழ்வரிசைப் பலகையை மட்டும் எளிதில் கழற்றக்கூடியதாக அமைத்தல் அறிவுடைமை. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் அதனைக் கழற்றி, பின்னே கறையானின் மண்குழாய்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஈர வாடை வீசினாலும், பலகையைத் தட்டும்போது வெற்றொலி எழுந்தாலும் உடனே காரணத்தைத் தேட வேண்டும். ஈரத்துணியால் துடைப்பதைத் தவிர்த்து, உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும்.

முடிவுரை

ஒரு படாக் மரம் வைரம் பாய்ந்து பெருமரமாக மனிதனின் ஆயுளுக்கும் மேற்பட்ட காலம் ஆகும். அதை அறுத்துப் பலகையாக்க ஒரு நாள் போதும். முறையாகப் பொருத்தாவிட்டால் அப்பலகை இரண்டே மழைக்காலங்களில் உளுத்துக் குப்பையாகும். அவ்வாறு நேர்ந்தால் வீணாவது வீட்டுக்காரரின் பணம் மட்டுமன்று. தீவு பல தலைமுறைகளாக வளர்த்த செல்வமும் வீணாகிறது. முறையாகத் தேர்ந்து, அளவறிந்து வாங்கி, காற்றோட்டம் விட்டுப் பொருத்தப்பட்ட மரமோ, அவ்வீட்டின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிறம் ஆழ்ந்து நிற்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம். காடு இருந்தால்தான் அந்தச் சுவருக்குப் போர்வை.

சொல்லும் பொருளும்

காழ் – மரத்தின் வைரம்
உளுத்தல் – புழு, வண்டு அரித்துப் பொடியாதல்
காடி – பலகை விளிம்பில் செதுக்கிய நீண்ட பள்ளம்
ரசமட்டம் – கிடைநிலையைச் சரிபார்க்கும் கருவி
தூக்குக்குண்டு – செங்குத்து நிலையைச் சரிபார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு
இழைப்புளி – மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சாத்தம் மர அறுவை ஆலை எந்த ஆண்டில் நிறுவப்பட்டது?
2. படாக் மரத்துடன் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு மரங்கள் யாவை?
3. திருகாணியைப் பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் இறுக்குவது ஏன்?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. அகக்காழ், புறக்காழ் என்னும் பகுப்பு, பலகை தேர்ந்தெடுப்பதற்கு எவ்வாறு உதவுகிறது?
2. 2002ஆம் ஆண்டின் நீதிமன்ற ஆணையால் தீவுகளில் விளைந்த நன்மையையும் இழப்பையும் விளக்குக.

இ. கணக்கிட்டு எழுதுக.
4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள சுவரை 12 மில்லிமீட்டர் கனப் பலகையால் மூட எத்தனை கன மீட்டர் மரம் தேவை?

ஈ. பிரித்து எழுதுக.
அகக்காழ், மரப்போர்வை, உப்புக்காற்று

உ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பழைய மரப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அது எந்த மரத்தால் ஆனது, எத்தனை ஆண்டுகள் பழமையானது, யார் செய்தது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.